பாலுசுவாமி தீட்சிதர்

தண்ணீரூற்றிலே பிள்ளைக்குப் பிடில் பயிற்றும் ஆசிரியரைத் தேடி அலைந்த தந்தையர்க்கு இச்சரித்திரம் உரித்தாகும்.

முத்துசுவாமி தீட்சிதருக்கு இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் 1786ஆம் ஆண்டிற் பிறந்தார். அவர் குடும்பம் சென்னைக்கணித்தாகிய மணலியிலே முதலியார் ஆதரவில் வாழ்ந்த காலத்து, ஆங்கிலேயருடைய பாண்டு வாத்தியம் அவர்கள் செவிக்கெட்டிற்று. பிடில் கற்பிப்பாரை நம்மவருட் காண்டல் அந்நாளில் அரிது. ஆதலின் முதலியார் ஓர் ஐரோப்பியரை வேதனங்கொடுத்து அமர்த்தினர். வைதிகக் குடும்பத்துப் பிள்ளை அவர்முன் மாணாக்கராயிருத்தல் எளிதோ? பாதிரிமார் பள்ளியிற் படித்த யான் அக்கூச்சத்தைச் சிறிதறிவேன்.

மூன்றாண்டு பயின்றும் அவர் கொண்டது கைத்திறன் மாத்திரமே. இராகங்களோ தந்தையாரிடத்துப் பெற்றவை. மிடற்றிசைக்குரிய கமகங்களை அந்நரம்புகளில் ஏற்றினார். நின்று தோளிற் சாத்தி வாசிக்கப்பட்ட அக்கருவி, நம்மவரிடத்தே, நிலத்திருந்து அதன் தலையைக் காலிலூன்றி வாசிக்கப்படுவதாயிற்று. நரம்புகளும் ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டப்பெற்றன. இன்று பிடிலின்றி நடக்கும் பாட்டுக் கச்சேரி எத்துணை!

பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாயினார். தமையனார் 1835இல் தேகவியோகமடைந்ததும் அவ்வூரிலேயே. மகள்வயிற்றுப் பேரராகிய சுப்பராம தீட்சிதரைச் சுவீகாரங்கொண்டு இசை பயிற்றினார். தமையனாருடைய கீர்த்தனங்களைச் சுரக்குறியோடு 1904இல் அச்சேற்றியவர் அப்பேரரே.