சாக்கடையில் பொறுக்கிய வேதப் பக்கங்கள்

கிராமங்களுக்குப் போகும்போது கல்லூரிப் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அநீதியை எதிர்த்துப் பேசும்போது வேதத்தை மேடைக்குக் கொண்டுவரலாமா, அது வீட்டோடும் கோயிலோடும் இருக்க வேண்டியதுதானே என்பார்கள். நேராகப் பதில் சொல்வதைவிட, பிரெடரிக் டக்ளஸ் வாழ்ந்த கதையைச் சொல்வதே எங்கள் வழக்கம்.

பிறந்த நாள் தெரியாத மனிதர் அவர். 1818-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். அடிமைகளுக்கு வயது என்றால் நடவுக்காலம், அறுப்புக்காலம் என்ற கணக்குதான். நம் பாட்டிமார் பெரிய புயலுக்கு முந்தின வருசம் என்பார்களே, அதுபோல. பிற்காலத்தில் பிப்ரவரி 14-ஐத் தாமே பிறந்த நாளாக வைத்துக்கொண்டார்.

தாய் ஹாரியட்டை 12 மைல் தள்ளி வேறொரு பண்ணையில் வேலைக்கு விட்டிருந்தார்கள். பகலெல்லாம் வயல்வேலை செய்துவிட்டு, இரவில் நடந்தே வந்து, பிள்ளையை அணைத்துத் தூங்கவைத்துவிட்டு, விடியுமுன் திரும்பிவிட வேண்டும். மகன் தாயைப் பார்த்தது நான்கைந்து முறைதான், அதுவும் இருட்டில். ஏழு வயதாகும்போது அந்தத் தாயும் இறந்துபோனார். தகப்பன் ஒரு வெள்ளையர் என்பது ஊர்ப்பேச்சு.

1826-ல் பால்டிமோர் நகரத்து வீடொன்றுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு அம்மா சோபியா பைபிளை உரக்க வாசிப்பவர். அதைக் கேட்டுக்கேட்டு சிறுவனுக்கு எழுத்தின்மேல் ஆசை வந்தது. அவரும் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். கணவர் பார்த்துவிட்டுத் தடுத்தார். படித்துவிட்டால் இவன் அடிமையாக இருக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். தெருவில் பசித்திருந்த வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, மீதி எழுத்துகளை டக்ளஸ் வாங்கிக்கொண்டார்.

லாசன் என்றொரு கறுப்பினப் பெரியவர், வண்டியோட்டுபவர், பக்தர். அவருக்கு வாசிப்பு குறைவு, சிறுவனுக்கு அனுபவம் குறைவு. சிறுவன் வாசிக்க, பெரியவர் பொருள் சொல்ல, இப்படித்தான் டக்ளஸ் கிறிஸ்தவரானார். தெருச் சாக்கடையில் கிடந்த பைபிள் தாள்களைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து வாசித்தார். இந்த ஒரு காட்சிக்காகவே அவர் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று எங்களுக்குத் தோன்றும்.

1833-ல் அவரை மீண்டும் கிராமத்துக்கு, எஜமான் தாமஸ் ஆல்டிடம் அனுப்பினார்கள். ஆல்ட் ஒரு மெதடிஸ்ட் கூட்டத்தில் மனந்திரும்பியவர். இனி அடிமைகளை விடுவிப்பார், குறைந்தது வயிற்றுக்காவது போடுவார் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார். மனந்திரும்பிய பிறகு கொடுமைதான் கூடியது. தீயில் வெந்து கைகள் முடங்கிய ஒரு பெண்ணைக் கட்டிவைத்து அடித்துவிட்டு, அந்த அடிக்கு ஆதாரமாக ஒரு வசனத்தையும் ஒப்பித்தார். டக்ளஸ் உதவியோடு நடந்த ஞாயிறு பள்ளிக்குள் கம்போடு புகுந்து கலைத்தவர்கள் வேறு யாருமல்ல, சபையின் தலைவர்களே. அடுத்த ஆண்டு கோவி என்பவனிடம் வேலைக்கு விட்டார்கள். அடங்காத அடிமைகளை அடக்கிக் கொடுப்பதில் பேர்போனவன், சபையிலும் பெரிய பக்திமான். ஆறு மாதம் முதுகு ஆறவே இல்லை. ஒருநாள் டக்ளஸ் திருப்பிப் பிடித்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டு. அதன்பின் கோவி அவரைத் தொடவில்லை.

1838 செப்டம்பர் 3-ம் தேதி, மாலுமி வேடத்தில், இரவல் வாங்கிய காகிதத்தோடு ரயிலேறித் தப்பினார். செலவுக்குப் பணம் தந்து துணைநின்ற ஆன்னா மரேயைப் பிறகு மணந்தார்.

வடக்கே, அடிமைமுறை இல்லாத நியூ பெட்ஃபோர்டில் ஒரு மெதடிஸ்ட் கோயிலுக்குப் போனார். திருவிருந்து வந்தது. வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடித்த பிறகே கறுப்பரை அழைத்தார் போதகர். டக்ளஸ் எழுந்து போய்விட்டார், மறுபடி அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. கறுப்பின மக்கள் தாங்களே கட்டிய சியோன் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்து பிரசங்கியானார். தனிப் பெஞ்சும் தனிக் கல்லறையும் பார்த்து வளர்ந்த நம் தமிழகத்துத் தலித் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1845-ல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். சபைகளை அவ்வளவு சாடிய மனிதர் மதவிரோதி என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று கடைசியில் ஒரு பின்னுரையும் சேர்த்தார். கிறிஸ்துவின் கிறிஸ்தவத்தை நேசிப்பதாலேயே, தொட்டிலிலிருந்து பிள்ளையைப் பறித்து விற்கும் கிறிஸ்தவத்தை வெறுப்பதாகச் சொன்னார். மறு ஆண்டு ஸ்காட்லாந்து போனார். அங்கே சுதந்திர சபை என்ற திருச்சபை, அமெரிக்க அடிமை எஜமானர்களிடம் நன்கொடை வாங்கியிருந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பு என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். பணம் திரும்பவில்லை. ஆனால் காணிக்கை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தெருவுக்கு வந்தது.

விசுவாசத்தைப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவருவது என்றால் அவருக்கு இதுதான். நாட்டைக் கிறிஸ்தவ நாடாக்கு என்று கேட்கவில்லை. கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்பவனைப் பார்த்து, உன் பண்ணையில் என்ன நடக்கிறது என்று கேட்டார். தப்பிவந்தவர்களைப் பிடித்துக்கொடுக்கச் சொன்ன 1850-ன் சட்டத்துக்குத் துணைபோன போதகர்களை, 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் மேடையில் சபையார் முன்னிலையிலேயே விளாசினார். பெண்களின் வாக்குரிமைக்காக 1848-ல் செனகா ஃபால்ஸ் மாநாட்டில் பேசியவரும் அவரே. 1870-ல், அடிமைமுறை ஒழிந்ததற்கு நன்றி சொல்லும்போது கடவுளைவிட, போராடிய மனிதர்களுக்கே முதலில் நன்றி என்றார். கறுப்பினப் போதகர்களே கண்டனம் தெரிவித்தார்கள். எங்களைக் கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம். அடிபட்டு உழைத்தவர்களை மறந்துவிட்டு வானத்தைப் பார்ப்பது எஜமானர்களுக்கே வசதி.

ஆனால் 1877-ல், சாகக் கிடந்த தாமஸ் ஆல்டைத் தேடிப்போய்ப் பார்த்தார், இருவரும் கண்ணீர் விட்டார்கள். அன்றே இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. எங்களுக்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து இல்லை.

அந்தப் போராட்டம் நம் நாட்டிலும் கவனிக்கப்பட்டது. 1873-ல் ஜோதிராவ் பூலே தம் குலாம்கிரி நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

1894 ஜனவரியில், 75 வயதில், வாஷிங்டனின் மெட்ரோபாலிட்டன் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் கோயிலில் நின்று, கறுப்பரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையைக் கண்டித்துப் பேசினார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 20 அன்று, பெண்ணுரிமைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பியவர் மாலையில் சுருண்டு விழுந்து இறந்தார். அதே கோயிலில்தான் அவர் உடலை வைத்தார்கள்.