ஆற்றுக்காக வழக்காடியவர்

ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரையூரில் 1838ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் மியூர். 1849இல் தந்தையுடன் அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் காட்டுநிலத்தில் ஏர்பிடித்து வளர்ந்தார். 1867இல் தொழிற்சாலை விபத்தொன்றில் ஒரு கண் பழுதுற்றது, மற்றொன்றும் மங்கிற்று. இருட்டறையில் சில வாரங்கள் கிடந்து பார்வை மீண்டபோது, பொறிகளைத் துறந்து இயற்கையைக் காணத் துணிந்தார்.

அடுத்த ஆண்டு கலிபோர்னியாவை அடைந்தார். 1869 கோடையில் ஆட்டுமந்தையொன்றுடன் துவாலமி ஆற்றின் மலைப்புல்வெளிகளில் திரிந்தார். அவ்வாறு கீழிறங்கும் வழியில் உள்ளது ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கு. அருவிகள் சொரியும் செங்குத்துப் பாறைகள், ஓக் மரச் சோலைகள், நடுவே தெளிந்த ஆறு! 1890இல் அது யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அடங்கியது. மியூரின் கட்டுரைகள் அதற்குப் பெருந்துணையாயின.

தொலைவிலிருந்த சான் பிரான்சிஸ்கோ நகரம் அங்கே அணைகட்ட விழைந்தது. 1906இல் நிலநடுக்கமும் பெருந்தீயும் நகரை அழித்தபின் அவ்விழைவு வலுத்தது. நகரத்தாருக்கு நீர் வேண்டுமென்பதை மியூர் மறுத்தாரல்லர். வேறு நீர்வழிகள் இருக்க, மக்கள் அனைவர்க்குமென ஒதுக்கிய பள்ளத்தாக்கை மூழ்கடிப்பானேன் என்பதே அவர் வழக்கு. 1892இல் அவர் முன்னின்று தோற்றுவித்த சியரா சங்கத்திலேயே சிலர் நகரின் பக்கம் நின்றனர். வழக்கு அத்துணை எளியதன்று.

1913இல் அமெரிக்கக் காங்கிரஸ் அணைக்கு இசைவளித்தது. மறு ஆண்டு டிசம்பர் 24இல் மியூர் மறைந்தார். 1923இல் அணை எழுந்தது. பள்ளத்தாக்கு நீருள் ஆழ்ந்தது. எனினும் 1984இல் அதே ஆற்றின் 83 மைல் நீளத்தைத் தடையின்றி ஓடவிட அந்நாடு சட்டம் செய்தது. அணையிலிருந்தும் மீன்கள் வாழ ஓரளவு நீர் திறந்துவிடப்படுகிறது.