செவிப்புலன் இழந்த இசைமேதை ஸ்மெட்டனா

செவிப்புலன் இழந்த இசைமேதை என்றதும் பீத்தோவன் நம் நினைவுக்கு வருவார். அவரைப் போலவே துன்புற்ற மற்றொருவர் பெட்ரிக் ஸ்மெட்டனா.

இன்றைய செக் நாட்டின் லிட்டோமிஷில் நகரில் 1824 மார்ச் 2-ஆம் நாள் பிறந்த இவர், ஆறு வயதிலேயே அவையோர் முன் பியானோ வாசித்தார். இளமை வாழ்வில் துயரங்கள் தொடர்ந்தன. பெண் குழந்தைகள் மூவர் சிறு வயதிலேயே மாண்டனர். 1859-இல் மனைவியும் மறைந்தார். எனினும் 1866-இல் ‘விற்கப்பட்ட மணமகள்’ என்னும் இசை நாடகத்தை அரங்கேற்றிப் புகழ்பெற்றார்.

1874 கோடையில் ஒரு நாள் காட்டில் உலவியபோது இனிய குழலோசை அவர் செவியில் விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார், எவரும் இல்லை. பின்னர் அடைத்த அறைக்குள்ளும் அவ்வோசை கேட்கவே, மருத்துவரை நாடினார். அக்டோபருக்குள் இரு செவிகளும் முற்றிலும் அடைபட்டன. வெளிநாட்டு மருத்துவர்களிடம் சென்றும் பயனில்லை. காதிலோ ஓயாத இரைச்சல்!

ஆயினும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. வல்டாவா ஆற்றைப் பற்றிய புகழ்பெற்ற இசையைச் செவிடான சில வாரங்களிலேயே எழுதினார். 1876-இல் இயற்றிய ‘என் வாழ்விலிருந்து’ என்னும் நால்வர் இசையின் இறுதியில், வயலின் திடீரென நீண்ட உச்ச ஸ்வரம் ஒன்றை எழுப்பும். அவர் காதில் ஒலித்த கூரிய சீழ்க்கையே அது! வல்டாவா இசையையும் உள்ளடக்கிய ‘என் தாய்நாடு’ 1882-இல் முழுமையாக அரங்கேறியது. ஊர் கேட்டது, அவர் கேட்கவில்லை. இறுதியில் மனநலமும் குன்றி, 1884 மே 12-இல் பிராக் நகரில் காலமானார்.

இல்லாத இசை கேட்பது ஏன்? செவி அனுப்பும் ஒலி குறையும்போது, மூளை தன் நினைவிலுள்ள ஓசைகளைத் தானே மீட்டுகிறது. காது மந்தமான முதியோர் சிலருக்குப் பழைய பாட்டுகள் இவ்வாறு கேட்பதுண்டு. அதுவே பைத்தியம் ஆகாது, பேயும் அன்று. செவிக்கருவி அணிந்தால் பலருக்கு இது தணிகிறது. மெல்லிய குரலில் வானொலி ஒலிப்பதும் துணைபுரியும். சிலருக்கு மருந்து தேவைப்படலாம்.

தோழியரே! நம் வீட்டுப் பாட்டி, யாரோ பாடுகிறார்களே என்றால் நகைக்க வேண்டாம். மந்திரிக்கவும் அழைத்துச் செல்ல வேண்டாம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மருத்துவரிடம் காட்டுவோம். அதற்கு முன், அருகில் அமர்ந்து அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்போம். கேளாச் செவிகளுக்குக் கேட்கும் செவிகள் செய்யத்தக்க முதல் உதவி அதுவே.