உதகையில் அடங்கிய குட்வின்

கேட்டலையே தொண்டாகக் கொண்டு வாழ்ந்தவர் ஜே. ஜே. குட்வின் என்பார். 1870-ல் இங்கிலாந்திற் பிறந்த இவர் சுருக்கெழுத்தில் வல்லவர். 1895-ஆம் ஆண்டிறுதியில், நியூயார்க்கு நகரில் விவேகாநந்த சுவாமிகளின் சொற்பொழிவுகளை எழுதிக்கொள்ள ஊதியத்திற்கு அமர்ந்தனர்; விரைவில் ஊதியத்தை மறுத்து மாணாக்கராயினர். 1897 ஜனவரியிற் சுவாமிகளுடன் கொழும்பில் இறங்கிச் சென்னைவரை உடன்வந்து கேட்டெழுதினர். சுவாமிகளோடு நம்மனோர் கொள்கையில் மாறுபடும் இடங்கள் பல. எனினும் அவ்வுரைகள் இன்று நம் கைக்கு எட்டுவது பெரிதும் இவருழைப்பினாலாம்.

சுரநோயுற்று 1898 ஜூன் 2-ல் உதகமண்டலத்தில் இறந்தனர். அகவை இருபத்தேழு.

சுவாமிகள் அப்போது இமயச்சாரலில் அல்மோராவில் இருந்தனர். இறுதிக்காலத்து அருகிருக்க வாய்த்திலது. செய்தி கேட்டுப் பெரிதும் துயருற்றனர், அத்துயரை மறைத்தாருமல்லர். துறந்தார்க்கு இரங்குதல் தகாதென்பார் நம் மடங்களிலும் உளர். மகனையிழந்த தாய்முன் அவ்வுரை செல்லுமோ? சுவாமிகள் இரங்கற்பாடலொன்று இயற்றி அவ்வன்னைக்கு விடுத்தனர். தம் கருத்துக்களால் எவரேனும் பயனுற்றிருப்பின் அது குட்வினுடைய தன்னலமற்ற உழைப்பால் வந்ததென்றும், அக்கடன் தம்மால் தீர்க்கலாகாதென்றும் எழுத்தில் ஒப்பினர்.

குட்வினுடல் உதகைத் தூய தோமையார் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயுள்ளது.