கலைத் தச்சர் பாபுராவ் பெயிண்டர்

நாற்காலியின் கால் ஆடினாலும், மழையில் கதவு உப்பிக்கொண்டாலும், நம் காலனி இல்லங்களில் மிஸ்திரியை அழைக்கச் சொல்லி ஆளனுப்புகின்றோம். தமிழ்நாட்டில் கட்டட வேலைக்குத் தலைமை தாங்குபவரை மேஸ்திரி என்கின்றோம். வட பகுதிகளில் தச்சரையும் மிஸ்திரி என்பர். இரண்டும் ஒரே போர்த்துக்கேசியச் சொல்லினின்று பிறந்தவையே. அச்சொல்லைக் குடும்பப் பெயராகத் தாங்கிய ஒரு மேதை இந்தியத் திரைப்படத்திற்கு ஆற்றிய தொண்டினை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

பாபுராவ் கிருஷ்ணராவ் மிஸ்திரி 1890-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் கோலாப்பூரில் கைவினைஞர் குடும்பமொன்றில் பிறந்தார். ஓவியமும் சிற்பமும் தாமே முயன்று கற்றார். உறவினர் ஆனந்தராவுடன் சேர்ந்து 1910 முதல் 1916 வரை நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலைகள் தீட்டினார். அதனால் பெயிண்டர் என்பதே அவர் பெயராக நிலைத்துவிட்டது.

1913-இல் வெளிவந்த பால்கேயின் இராஜா அரிச்சந்திரா அவ்விருவர் உள்ளத்தையும் ஈர்த்தது. படமெடுக்க விரும்பிய அவர்கள் காமிராவைத் தாமே செய்யத் துணிந்தனர். 1916-இல் ஆனந்தராவ் காலமானார். ஆயினும் பாபுராவ் மனந்தளராமல், சீடர் தாம்லேயின் துணையுடன் 1918-இல் அக்காமிராவைச் செய்து முடித்தார். செல்வர்கள் முதலிடத் தயங்கியபோது தானிபாய் காகல்கர் என்னும் பாடகி பொருளுதவி செய்தார். மகாராஷ்டிரா பிலிம் கம்பெனி உருவாயிற்று.

அக்காலத்தில் அரண்மனையாயினும் கானகமாயினும், சீலையில் தீட்டிப் பின்னே தொங்கவிடுவதே வழக்கம். நாடகக் கொட்டகையின் மங்கிய விளக்கொளியில் அது மெய்போல் தோன்றும். காமிராவின் கண்ணோ பொல்லாதது. காற்று வீசினால் கற்றூண் அசையும். நடிகரின் நிழல் வானத்தின் மீதே விழும். சீலை தீட்டியே பிழைத்த பாபுராவ், படத்திற்குச் சீலை உதவாது என்று கண்டார். தம் கைத்தொழிலையே ஒதுக்கி வைக்க எத்தனை பேர் உடன்படுவர்? அவர் உடன்பட்டார். மனிதர் உள்ளே புகுந்து நடமாடத்தக்க திண்மையான அரங்கங்களை அமைத்தார்.

இங்குதான் தச்சரின் அருமை விளங்குகின்றது. வீடு கட்டும் தச்சர் தலைமுறைகள் நிலைக்கும்படி வேலை செய்கின்றார். ஸ்டூடியோத் தச்சர் கட்டுவதோ படம் முடியும்வரை நின்றால் போதும். பின்புறம் வெறும் மரச்சட்டமும் முட்டுக்கட்டையுமே இருக்கும். ஆனால் காமிரா காணும் பக்கம் கருங்கல்லே எனத் தோன்றவேண்டும். கதவைச் சாத்தினால் சுவர் அதிரலாகாது. படியில் படைவீரன் ஓடினால் பலகை வளையலாகாது. காட்சி முடிந்ததும் பிரித்து, அதே மரத்தால் மற்றொன்று கட்டவும் வேண்டும்.

1920-இல் சைரந்திரி வெளிவந்தது. கீசகவதைக் காட்சி மெய்யெனவே அஞ்சத்தக்கதாய் இருந்தமையால் தணிக்கையாளர் அதனை நீக்கினர். லோகமான்ய திலகர் பாபுராவுக்குச் சினிமா கேசரி என்னும் பட்டம் அளித்தார். 1923-இல் சிங்ககட் படத்தில் செயற்கை ஒளியைக் கையாண்டார். 1925-இல் சாவ்காரி பாஷ் படத்தில் மாளிகைகளை விடுத்து, வட்டிக்காரனிடம் நிலத்தைப் பறிகொடுத்த உழவனின் இருண்ட குடிசையைக் காட்டினார். அதில் இளம் உழவனாக நடித்தவர் சாந்தாராம்.

அச்சீடர்களே பின்னர் பிரிந்தனர். 1929-இல் சாந்தாராம், தாம்லே, பத்தேலால் முதலியோர் பிரபாத் கம்பெனியைத் தொடங்கினர். பாபுராவின் கம்பெனி நலிந்து மறைந்தது. பிரபாத்தோ செழித்தது. நம் பெற்றோர் கண்டு களித்த தமிழ்ச் சீதா கல்யாணத்தை 1934-இல் அளித்ததும், 1937-இல் வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்ற சந்த் துக்காராமை எடுத்ததும் அக்கம்பெனியே. பூனாவிலிருந்த அதன் ஸ்டூடியோவில் 1960-இல் அரசின் திரைப்படக் கல்லூரி அமைந்தது.

பாபுராவ் பேசும் படங்கள் சிலவற்றை இயக்கியபின் தூரிகைக்கும் சிற்பத்திற்கும் திரும்பினார். 1954-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் மறைந்தார். அவர் எடுத்த ஊமைப் படங்களுள் பெரும்பாலானவை இன்று கிடைப்பதில்லை. அவர் அரங்கங்களைக் கட்டிய தச்சர்களின் பெயர்களும் நம்மிடம் இல்லை. எனினும் அவர் பட்டறையில் பயின்றவர்களின் படைப்புகள் நிற்கின்றன. நம் பிள்ளைகளுள் எவரேனும் புத்தகத்தை விடுத்து உளியையும் இழைப்புளியையும் விரும்பினால், கோலாப்பூர் மிஸ்திரி குடும்பத்தை எண்ணிப் பார்த்து, அவர்களைக் கடிந்துகொள்ளாதிருப்போமாக. கைத்தொழில் வாழ்க!