கோட்டையைக் காகிதத்தில் அடக்கிய மேதை

வீடு கட்டும் மேஸ்திரியும், மோட்டார் செய்யும் தொழிலாளியும் பிளானைப் பார்த்து வேலை செய்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அதில் தனித் தனியாகப் படம் இருக்கும். இப்படிப் படம் போடும் வழக்கம் பழமையானது. ஆனால் அதற்கு உறுதியான விதிகளை வகுத்து, ஒரு தனிக் கணித சாஸ்திரமாக ஆக்கியவர் காஸ்பார் மோன்ஜ்.

வியாபாரியின் மகன்

மோன்ஜ் 1746ஆம் ஆண்டு மே 9ந் தேதி, பிரான்சு நாட்டில் போன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை ஒரு சிறு வியாபாரி. வசதி குறைவு என்றாலும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் குறை வைக்கவில்லை. காஸ்பார் படிப்பில் சூரப்புலி. அவருக்கு 16, 17 வயதாகும்போதே, அவர் படித்த கல்லூரியிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது.

1764ஆம் ஆண்டில் ஊருக்குத் திரும்பிய மோன்ஜ், தம் ஊரை அளந்து பெரிய வரைபடம் ஒன்று தயாரித்தார். அளக்கும் கருவிகளையும் தாமே செய்துகொண்டார். அந்தப் படத்தைக் கண்டு வியந்த ராணுவ அதிகாரி ஒருவர், மெசியேர் நகரில் இருந்த ராணுவ என்ஜினீயர் பள்ளியில் அவருக்கு வேலை கிடைக்க வழி செய்தார்.

மோன்ஜ் மிகுந்த ஆசையோடு போனார். அங்கே ஏமாற்றம் காத்திருந்தது. அதிகாரி ஆவதற்கான படிப்பு பிரபு வம்சத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே. வியாபாரி மகனுக்கு அதில் இடம் இல்லை. படம் வரையும் வேலைதான் கொடுத்தார்கள்.

நம்ப மறுத்த அதிகாரி

ஒரு நாள் மோன்ஜிடம் ஒரு கோட்டையின் கணக்கைக் கொடுத்தார்கள். சுற்றிலும் உள்ள மேடுகளில் நின்று எதிரி பார்த்தாலும், சுட்டாலும், உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது. அதற்கு எந்த இடத்தில் எவ்வளவு உயரம் சுவர் வேண்டும்? அந்தக் காலத்தில் இதற்கு நீண்ட கணக்குகள் போட வேண்டும். வெகு நாள் பிடிக்கும்.

மோன்ஜ் சீக்கிரமே முடித்துக் கொண்டுவந்து நீட்டினார். மேலதிகாரி அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார். இவ்வளவு விரைவில் யாராலும் முடியாது என்பது அவர் எண்ணம். மோன்ஜ் விடவில்லை. நீண்ட கணக்குப் போடாமல், படம் வரைந்தே விடை கண்டதாக எடுத்துச் சொன்னார். கடைசியில் சோதித்துப் பார்த்தார்கள். விடை சரியாக இருந்தது.

முறை என்ன?

ஒரு பந்து, ஒரு தகர டப்பா, ஒரு புனல் மூன்றையும் தரையில் வையுங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் மூன்றும் வட்டமாகவே தெரியும். எது எது என்று சொல்ல முடியாது. பக்கத்திலிருந்து பாருங்கள். பந்து அப்போதும் வட்டம்தான். டப்பா நீண்ட சதுரமாகிறது. புனலின் வாய் முக்கோணமாகத் தெரிகிறது.

மோன்ஜ் செய்ததும் இதுதான். பொருளின் உருவம் தரையில் ஒன்றும், சுவரில் ஒன்றுமாக விழுவதாக வைத்துக்கொண்டார். பிறகு சுவரைத் தரையோடு மடக்கிப் போட்டால் இரண்டு படமும் ஒரே காகிதத்தில் வந்துவிடும். ஒரு படத்தில் உள்ள புள்ளியை மற்றப் படத்தில் உள்ள அதன் ஜோடியோடு பொருத்தினால், அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில், எந்த இடத்தில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்.

முப்பது ஆண்டு ரகசியம்

படம் வரைய வந்தவர் ஆசிரியர் ஆனார். ஆனால் அவர் கண்ட முறையை ராணுவ ரகசியம் என்று பூட்டி வைத்தார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்று தடை. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அவர் அதை மனத்திலேயே வைத்திருந்தார்.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிரபுக்களின் தனி உரிமை ஒழிந்தது. மோன்ஜ் கடற்படை மந்திரி ஆனார். நாட்டைக் காக்கப் பீரங்கி செய்யும் வேலையில் இரவு பகலாக உழைத்தார். 1794இல் பாரிசில் பெரிய என்ஜினீயர் பள்ளி ஒன்று தோன்ற முன்னின்றார். அதுவே புகழ்பெற்ற பாலிடெக்னிக். பிறப்பைப் பார்க்காமல், பரீட்சையில் தேறியவர்களை அங்கே சேர்த்தார்கள். 1795இல் மோன்ஜ் தமது முறையை எல்லோரும் அறியப் பாடம் நடத்தினார். 1799இல் அது புத்தகமாகவும் வந்தது.

உயர்வும் வீழ்ச்சியும்

நெப்போலியன் அவருக்கு நெருங்கிய நண்பர். 1798இல் இருவரும் எகிப்துக்குப் போனார்கள். பாலைவனத்தில் தண்ணீர் போலத் தோன்றி வீரர்களை ஏமாற்றிய கானல்நீருக்கு மோன்ஜ் காரணம் விளக்கினார். நெப்போலியன் அவருக்குப் பிரபுப் பட்டமும் கொடுத்தார்.

1815இல் நெப்போலியன் வீழ்ந்தார். மன்னர் ஆட்சி திரும்பியது. 1816இல் மோன்ஜை விஞ்ஞானிகள் சபையிலிருந்து நீக்கினார்கள். மனம் நொந்த அவர் 1818ஆம் ஆண்டு ஜூலை 28ந் தேதி காலமானார். இறுதி ஊர்வலத்துக்குப் போகக்கூடாது என்று பாலிடெக்னிக் மாணவர்களுக்கு உத்தரவு. மாணவர்கள் உத்தரவை மீறவில்லை. ஆசிரியரை மறக்கவும் இல்லை. மறுநாள் விடுமுறை. திரண்டு சென்று அவர் சமாதியில் மலர் வளையம் வைத்தார்கள்.

1989இல் அவரது உடல் எச்சங்களைப் பிரான்சு அரசு பாரிசில் தேசப் பெரியோர் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு மாற்றியது.

யந்திரத்தின் கண்

பொருளைப் படமாக்க வழி சொன்னவர் மோன்ஜ். படத்தைப் பார்த்துப் பொருளை அறிவது அதற்கு எதிர்த் திசைப் பயணம். 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்பவர் கம்ப்யூட்டருக்கு இதைக் கற்பித்தார். புகைப்படத்தில் கட்டையின் விளிம்புகளைக் கம்ப்யூட்டர் கோடுகளாகப் பிரிக்கும். தன்னிடம் உள்ள கனசதுரம் போன்ற உருவங்கள் எந்தக் கோணத்தில் அந்தக் கோடுகளோடு பொருந்துகின்றன என்று கணக்கிடும். பொருந்தினால், பொருள் இன்னது என்று தெரிந்துவிடும். இன்று தொழிற்சாலைகளில் பொருள்களைக் காமிராவால் அடையாளம் கண்டு எடுக்கும் யந்திரங்களுக்கும் இப்படிப்பட்ட உருவக் கணிதம் உதவுகிறது.

ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் பொருளின் உருவம் தெரியாது. மனிதனும் அப்படித்தான். மெசியேர் பள்ளி மோன்ஜின் பிறப்பை மட்டும் பார்த்தது. அவர் திறமையையும் சேர்த்துப் பார்த்த பிறகே முழு உருவம் தெரிந்தது.