ரிச்சர்டு காரிங்டன்

ரிச்சர்டு கிறிஸ்டோபர் காரிங்டன் (மே 26, 1826 – நவம்பர் 27, 1875) இங்கிலாந்தைச் சேர்ந்த வானியலாளர் ஆவார். பீர் தயாரிப்பாளர் ஒருவரின் மகனான இவர், கேம்பிரிட்ஜில் பயின்றபின் ரெட்ஹில் என்னுமிடத்தில் சொந்தமாக வானாய்வகம் அமைத்து, 1853 முதல் சூரியக் கரும்புள்ளிகளின் இடங்களை அளந்து வந்தார். சூரியன் நடுக்கோட்டுப் பகுதியில் விரைவாகவும் துருவங்களை நோக்கிச் செல்லச்செல்ல மெதுவாகவும் சுழல்வதை இவ்வளவீடுகள் காட்டின.

1859 நிகழ்வு

1859, செப்டம்பர் 1 அன்று முற்பகல் 11:18 மணிக்கு, திரையில் விழுந்த சூரிய உருவில் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின்மீது இரு வெண்ணொளித் திட்டுகள் தோன்றின. சாட்சிக்கு ஒருவரை அழைத்துவர விரைந்தார்; ஒரு நிமிடத்திற்குள் திரும்பியும் ஒளி பெரிதும் மங்கிவிட்டிருந்தது. நல்வாய்ப்பாக, ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்பவரும் வேறோரிடத்தில் இதனைத் தனியே கண்டிருந்தார்.

அதே வேளையில் கியூ ஆய்வகத்தின் காந்தமானிகள் சிறிது துள்ளின. சுடரிலிருந்து வந்த எக்சு-கதிர்களும் புறஊதாக் கதிர்களும் அயனிமண்டல மின்னோட்டத்தை மிகுவித்ததே இதற்குக் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டிலேயே விளங்கியது. ஏறத்தாழ 17 மணி நேரத்தின்பின் பெரும் காந்தப்புயல் வீசியது. அமெரிக்காவில் சில தந்திக் கம்பிகள் மின்கலமின்றியே இயங்கின. காரிங்டன் இவ்வொற்றுமையைச் சுட்டினாராயினும், ஒரே நிகழ்வைக் கொண்டு முடிவு கூற மறுத்தார்.

1858இல் தந்தை இறந்ததால் குடும்பத் தொழில் இவர்மேல் விழுந்தது. 1861இல் கரும்புள்ளி ஆய்வை நிறுத்தி, வானாய்வகத்தையும் விற்றார். நவம்பர் 9, 1853 முதல் எண்ணப்படும் சூரியச் சுழற்சிகள் இன்றும் காரிங்டன் சுழற்சி எண்களாலேயே குறிக்கப்படுகின்றன.